மூச்சு விடவே தீர்ந்துபோகும் சாப்பாடு: முதியோரின் நுரையீரல் நோயும் உணவும்

வயதான ஒருவருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சிஓபிடி. ஆள் மெலிந்துகொண்டே வருகிறார். அவருக்குச் சுற்றியிருப்பவர்கள் சொல்வது என்ன? எண்ணெயைக் குறை, வெண்ணெயைத் தொடாதே, பாலில் ஆடையை எடுத்துவிடு, ராத்திரி அரை வயிறு போதும். இதய நோய்க்கும் சர்க்கரைக்கும் எழுதிய பட்டியலை அப்படியே எடுத்து இவருக்கும் மாட்டிவிடுகிறோம். உடல் பருத்தவருக்கு அது பொருந்தலாம். மெலிந்த நுரையீரல் நோயாளி அதைக் கடைப்பிடித்தால் இன்னும் வேகமாக மெலிவார். மெலிவது தோலுக்கடியில் இருக்கும் கொழுப்போடு நிற்பதில்லை. மூச்சு இழுக்கும் தசையும் சேர்ந்தே கரைகிறது. அதனால்தான் இந்த நோயில் சாப்பாட்டை மருந்துக்கு அடுத்த விஷயமாக ஒதுக்கிவைக்க முடியாது.

முதலில் செலவுக் கணக்கு. நல்ல நுரையீரல் உள்ள ஒருவர் ஓய்வில் இருக்கும்போது, உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்ஸிஜனில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று பங்குதான் மூச்சுத் தசைகளுக்குப் போகும். நாள் முழுவதும் மூச்சுவிட ஆகும் ஆற்றல் சுமார் 36 முதல் 72 கிலோகலோரி. கடுமையான சிஓபிடியில் அதே வேலைக்கு 430 முதல் 720 கிலோகலோரி வரை ஆகலாம் என்ற மதிப்பீடு மருத்துவ நூல்களில் நெடுங்காலமாக மேற்கோள் காட்டப்படுகிறது. எல்லா நோயாளிக்கும் இந்த அளவு ஏறாது. ஆனால் காரணம் எல்லோருக்கும் ஒன்றுதான். காற்று முழுதாக வெளியேறாமல் நெஞ்சில் தேங்குகிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் முக்கிய மூச்சுத் தசையான உதரவிதானம் மேல்நோக்கிக் குவிந்திருக்க வேண்டும், அது தட்டையாகிவிடுகிறது. தட்டையான தசை எவ்வளவு சுருங்கினாலும் கொஞ்சம்தான் காற்றை இழுக்கும். மீதி வேலையைக் கழுத்துத் தசையும் தோள்தசையும் இழுத்துப்போட்டுச் செய்கின்றன. உடம்பில் ஓயாமல் இருக்கும் அழற்சியும் மூச்சுக்குழாயை விரிக்க அடிக்கடி எடுத்துக்கொள்ளும் சல்பூட்டமால் வகை மருந்தும் அடிப்படைச் செலவை இன்னும் சற்று ஏற்றிவிடுகின்றன.

செலவு ஏறும்போது வரவு குறைவதுதான் இந்த நோயின் கொடுமை. விழுங்கும் ஒவ்வொரு முறையும் மூச்சு ஒரு கணம் நிற்க வேண்டும். நிமிடத்துக்கு 25 முறை மூச்சு வாங்குகிறவருக்கு அந்த ஒரு கணமே பெரிய விஷயம். வயிறு நிறைந்தால் ஏற்கனவே இடமில்லாத உதரவிதானத்தைக் கீழிருந்து தள்ளும். அவசரமாக மூச்சிரைத்தபடி சாப்பிடுகிறவர்கள் காற்றையும் விழுங்குகிறார்கள். நாலு வாயிலேயே வயிறு உப்பிவிடும். "பசியில்லை" என்று அவர்கள் சொல்வதில் பாதி, சாப்பிடும் களைப்பைத் தவிர்க்கத்தான். பசியே இல்லாத நோயாளியும், பசி இருந்தும் சாப்பிட முடியாத நோயாளியும் வேறுவேறு. கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டாமவருக்குப் பசியைத் தூண்டும் டானிக் வாங்கிக் கொடுத்து ஒரு பயனும் இல்லை.

எடை பார்க்கும் கருவி எங்கே ஏமாற்றும்

வாரம் ஒருமுறை, காலையில், சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், ஒரே கருவியில், ஏறக்குறைய ஒரே எடையுள்ள உடையில் எடை பாருங்கள். ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அது எச்சரிக்கை. 60 கிலோ இருந்தவர் 57-க்குக் கீழே வந்துவிட்டால் போதும், காத்திருக்கத் தேவையில்லை. பிஎம்ஐ, அதாவது கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண், 21-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருப்பது இந்த நோயில் மோசமான அறிகுறி. 2004-ல் வெளியான 'போட்' குறியீட்டில் எடை, மூச்சுக்குழாய் அடைப்பின் அளவு, மூச்சிரைப்பு, நடக்கும் தூரம் நான்கையும் சேர்த்து மதிப்பெண் போடுகிறார்கள். அதில் பிஎம்ஐ 21 அல்லது அதற்குக் குறைவு என்றால் ஒரு மதிப்பெண் கூடும். மதிப்பெண் கூடக்கூட ஆயுள் குறையும். பொது மக்களுக்குச் சொல்லும் 18.5 என்ற எல்லையை இவர்களுக்கு வைத்துக்கொண்டு "நார்மல்தான்" என்று விட்டுவிடுவது தாமதமான கணக்கு.

கருவி மூன்று விதமாகப் பொய் சொல்லும். ஒன்று, நீர். நுரையீரல் நோய் முற்றி இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்தால் கால் வீங்கும். ஸ்டீராய்டு மாத்திரையும் நீரைத் தேக்கும். தசை போன எடையை நீர் நிரப்பிவிடுவதால் எண் அசையாமல் நிற்கும். கணுக்கால் எலும்புக்கு மேலே கட்டைவிரலால் சில வினாடி அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால் அந்த எடையை நம்பாதீர்கள். மறுபுறம், இரண்டு மூன்று நாளிலேயே 2 கிலோ ஏறினால் அது சாப்பாட்டால் வந்த ஏற்றம் அல்ல, நீர்தான். அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி அது.

இரண்டாவது, உயரம். ஸ்டீராய்டு பல ஆண்டு சாப்பிட்டவர்களின் முதுகெலும்பு நொறுங்கிக் கூன் விழும். 1.65 மீட்டர் இருந்தவர் 1.58 ஆகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோ எடைக்கு முன்னைய உயரத்தில் பிஎம்ஐ 18.4. இன்றைய உயரத்தில் 20.0. ஆள் தேறவில்லை, குட்டையாகியிருக்கிறார். பழைய அடையாள ஆவணத்தில் உள்ள உயரத்தை வைத்துக் கணக்கிடுவது நல்லது.

மூன்றாவதுதான் அதிகம் தவறவிடப்படுகிறது: எடை சரியாக இருந்து தசை மட்டும் குறைந்திருப்பது. தொப்பை இருக்கும், தொடை வற்றியிருக்கும். இதற்குக் கைப்பிடி வலுவை அளக்கும் கருவி உண்டு. ஆணுக்கு 27 கிலோவுக்குக் கீழும் பெண்ணுக்கு 16 கிலோவுக்குக் கீழும் இருந்தால் தசைத் தளர்ச்சி என்று 2019-ஆம் ஆண்டின் ஐரோப்பிய வரையறை சொல்கிறது. கருவி இல்லையா, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 15 வினாடிக்கு மேல் ஆனால் சந்தேகப்படலாம். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். நிறுத்தியது காலா மூச்சா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், இரண்டும் வேறு வேறு பிரச்சினை.

மாவுச்சத்து பயம்

"சோறு, ரொட்டி குறையுங்கள், கரியமில வாயு கூடும்" என்ற அறிவுரை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. மாவுச்சத்தை எரிக்கும்போது எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு பங்கு ஆக்ஸிஜனுக்கும் ஒரு பங்கு கரியமில வாயு வெளிவரும். கொழுப்பில் அது 0.7 பங்கு, புரதத்தில் சுமார் 0.8. 1980-களில் தீவிர சிகிச்சையில், செயற்கை சுவாசக் கருவியில் இருந்தவர்களுக்கு ரத்தக்குழாய் வழியாக அளவுக்கு மீறி குளுக்கோஸ் கொடுத்தபோது கரியமில வாயு ஏறியதைப் பார்த்தார்கள். அங்கிருந்து கொழுப்பு மிகுந்த "நுரையீரல் பானங்கள்" சந்தைக்கு வந்தன. பிறகு 1992-ல் செய்த ஆய்வில், மாவுச்சத்தின் விகிதத்தை மாற்றினால் பெரிய வித்தியாசமில்லை, தேவைக்கு மேல் மொத்த கலோரியை ஏற்றினால்தான் கரியமில வாயு கூடுகிறது என்று தெரிந்தது. வீட்டில் ஆறு வேளையாகக் கொஞ்சம் கொஞ்சம் சாப்பிடும் மெலிந்த மனிதர் தேவைக்கு மேல் சாப்பிடும் நிலையிலேயே இல்லை. ஒரே வேளையில் மிகக் கொழுப்பான உணவைக் கொடுத்தால் இன்னொரு சிக்கல்: வயிறு காலியாக நேரமெடுக்கும், அடுத்த வேளைக்குள் இடம் வராது. ஆகவே மாவுச்சத்தை வெட்டாதீர்கள். இருக்கிற உணவின் மேல் கொழுப்பையும் புரதத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

பால் குடித்தால் சளி கூடும் என்பதும் இதே ரகம். பால் எச்சிலோடு கலந்து தொண்டையில் சற்றுக் கெட்டியாக ஒட்டுகிற மாதிரி இருக்கும். நுரையீரல் அதனால் கூடுதலாகச் சளி சுரப்பதில்லை. மென்று விழுங்கச் சிரமப்படும் மெலிந்த முதியவரிடமிருந்து பாலைப் பறித்தால் எளிதாக உள்ளே போகும் ஒரே புரதத்தைப் பறித்ததாகிவிடும். ஒட்டும் உணர்வு பிடிக்காதவர் பின்னால் ஒரு வாய் வெந்நீர் குடித்தால் போதும்.

எவ்வளவு, எப்படி

முதியவர்களுக்குப் பொதுவாக ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 30 கிலோகலோரி என்று தொடங்குவார்கள். மெலிந்துவரும் சிஓபிடி நோயாளிக்கு 35 வரை தேவைப்படலாம். புரதம், நாள்பட்ட நோயுள்ள முதியவருக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம். 50 கிலோ எடையுள்ளவருக்கு இது 1,500 முதல் 1,750 கிலோகலோரியும் 60 முதல் 75 கிராம் புரதமும் ஆகும். டயாலிசிஸ் செய்துகொள்ளாத, சிறுநீரக வடிகட்டும் திறன் (ரத்தப் பரிசோதனை அறிக்கையில் eGFR) 30-க்குக் கீழே போனவர்களுக்கு மட்டும் இந்தப் புரத அளவு பொருந்தாது. அவர்கள் சிறுநீரக மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

வயதான தசைக்குப் புரதம் சிறு சிறு துணுக்காக வந்தால் விழித்துக்கொள்வதில்லை. ஒரு வேளையில் 25 முதல் 30 கிராம் சேர்ந்து வந்தால்தான் தசை கட்டும் வேலை முழு வேகத்தில் நடக்கும். ஆனால் நுரையீரல் நோயாளியால் பெரிய சாப்பாடு சாப்பிட முடியாது. இரண்டும் மோதுகிற இடம் இது. நடைமுறையில் செய்யக்கூடியது: ஆறு வேளையில் இரண்டை மட்டும் புரதம் கனத்த வேளைகளாக வைத்துக்கொள்வது. மூச்சு எளிதாக இருக்கும் வேளை ஒன்று, உடற்பயிற்சிக்குப் பிந்தைய வேளை இன்னொன்று. மற்ற நாலும் எளிதாக, சிறியதாக இருக்கட்டும்.

செறிவூட்டிய பால்தான் இதற்கு நல்ல அடித்தளம். அரை லிட்டர் முழுக்கொழுப்புப் பாலில் 50 கிராம் ஆடை நீக்கிய பால் பவுடரைக் கலந்தால் மொத்தம் சுமார் 500 கிலோகலோரி, 34 கிராம் புரதம். அளவு ஏறவில்லை, சத்து மட்டும் ஏறியிருக்கிறது. பவுடரைச் சூடான பாலில் நேராகக் கொட்டினால் கட்டி தட்டும். நாலு கரண்டி ஆறிய பாலில் முதலில் குழைத்து, பிறகு மீதிப் பாலை ஊற்றிக் கலக்குங்கள். ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.

மாதிரிக்கு ஒரு நாள். காலையில் இரண்டு முட்டையும் 200 மில்லி செறிவூட்டிய பாலும்: புரதம் ஏறக்குறைய 25 கிராம். இடைவேளையில் 30 கிராம் நிலக்கடலை விழுது, 7 கிராம் புரதமும் 170 கிலோகலோரியும். முழுக் கடலையாகக் கொடுக்க வேண்டாம், மூச்சு வாங்குகிறவருக்கு அது புரையேறும் பொருள். மதியம் வெந்த பருப்பு 150 கிராம் அல்லது மீன் 75 கிராம், தானிய உணவோடு. அதன்மேல் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் அல்லது நெய், அது மட்டுமே சுமார் 120 கிலோகலோரி. மாலையில் பயிற்சி முடிந்ததும் 150 மில்லி செறிவூட்டிய பாலும் இரண்டு முட்டையும், அல்லது முட்டைக்குப் பதில் கெட்டித் தயிர். இரவு, மிருதுவாக, சிறியதாக ஏதாவது. படுக்கும் முன் மீதமுள்ள 150 மில்லி பால். கூட்டிப் பார்த்தால் 75 கிராமைத் தொட்டுவிடும். கலோரி எட்டவில்லையென்றால் உணவின் அளவைக் கூட்டாமல் எண்ணெயைத்தான் கூட்டுங்கள்.

கடையில் விற்கும் ஊட்டச்சத்துப் பானங்கள் 200 மில்லிக்கு 300 முதல் 400 கிலோகலோரி வரை தருகின்றன. வீட்டு உணவால் முடியாதபோது அவை உதவும். 2012-ல் வெளிவந்த, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, மெலிந்த சிஓபிடி நோயாளிகளுக்கு ஊட்டம் கூடுதலாகக் கொடுத்தால் எடை ஏறுவதைக் காட்டியது. அதற்கு முந்தைய மதிப்பாய்வுகள் பலனில்லை என்றே முடித்திருந்தன. இதில் வீட்டில் நடக்கும் பிழை ஒன்று உண்டு: காலை உணவுக்குப் பதில் பானத்தைக் கொடுத்துவிடுவது. அப்போது கூட்டல் கழித்தல் சமமாகி ஒன்றும் மிஞ்சாது. உணவுகளுக்கு இடையே, 100 முதல் 125 மில்லி வரை, மெதுவாகப் பருகக் கொடுங்கள். ஒரே மூச்சில் 200 மில்லி குடித்தவர் அடுத்த வேளையைத் தள்ளிவிடுவார்.

சாப்பிடும் முறைக்கு வருவோம். மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலரை அல்லது நெபுலைசரைச் சாப்பாட்டுக்கு 15 முதல் 30 நிமிடம் முன்பு முடித்துவிட வேண்டும். சளி எடுக்கும் பயிற்சியும் முன்பே. நிறைந்த வயிற்றோடு இருமினால் வாந்திதான் வரும். குளித்ததும் உடனே சாப்பிட உட்கார வேண்டாம், அரை மணி ஓய்வெடுக்கட்டும். ஆக்ஸிஜன் போட்டிருப்பவர் மூக்குக் குழாயைக் கழற்றாமலே சாப்பிட வேண்டும். "சாப்பிடும்போது தொந்தரவு" என்று கழற்றி வைப்பது மிகப் பரவலான தவறு, ஆக்ஸிஜன் அதிகம் தேவைப்படும் நேரமே அது. நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கைகளை மேசையில் ஊன்றிக்கொண்டால் தோள்தசைகள் மூச்சுக்கு உதவும். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவே உதட்டைக் குவித்து மெல்ல ஊதி மூச்சை விடட்டும். மென்றுகொண்டிருக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள், அன்பாக இருந்தாலும். தண்ணீரைச் சாப்பாட்டோடு வயிறு நிறையக் குடிக்காமல் இடைவேளைகளுக்குத் தள்ளலாம். வாயு நிரப்பிய குளிர்பானங்களுக்கு இடமே கிடையாது.

ஆரோக்கியமானவர்கள் பெரும்பாலும் மூச்சை வெளியே விடும் கட்டத்தில் விழுங்குகிறார்கள், விழுங்கியதும் வெளிமூச்சு தொடரும். சிஓபிடியில் இந்த ஒழுங்கு குலைந்து, விழுங்கியதும் உள்மூச்சு வந்துவிடுகிறது. சாப்பாட்டுத் துகள் மூச்சுக்குழாய்க்குள் போவது அப்படித்தான். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்ட பின் குரல் ஈரமாகக் கரகரப்பது, திரும்பத் திரும்ப நெஞ்சில் சளிக்காய்ச்சல் என்றால் விழுங்கும் திறனைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

சாப்பாடு மட்டும் போதாது. வேலை கொடுக்காத தசைக்குப் போன புரதம் தசையாகாது, எடை ஏறினாலும் கொழுப்பாகவே ஏறும். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி கிடைத்தால் வாரம் இரண்டு மூன்று நாள், குறைந்தது 6 முதல் 8 வாரம் போக வேண்டும். கிடைக்காத இடத்தில் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, இழுபட்டையால் கையையும் தொடையையும் இழுப்பது, மூச்சுக்குத் தக்க நடை. பேச முடிகிற அளவு மூச்சிரைப்பு வரலாம், பேச்சு நின்றால் நிறுத்தி ஓய்வெடுக்க வேண்டும். எட்டு வாரத்தில் 2 கிலோ ஏறினால் நல்ல முன்னேற்றம். நாலு வாரமாகியும் அசையவில்லை என்றால் மூன்று நாள் சாப்பிட்டதை எடை போட்டு எழுதிப் பாருங்கள். நினைத்ததில் முக்கால் பங்குகூட உள்ளே போகாதது பெரும்பாலும் அப்போதுதான் தெரியவரும்.

மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு

இந்த நோயில் எடை நேர்கோட்டில் இறங்குவதில்லை. திடீரென்று நோய் கூடும் ஒவ்வொரு முறையும் ஒரு படி இறங்கி, அங்கேயே நின்றுவிடும். அந்த நாட்களில் செலவு ஏறும், சாப்பாடு பாதியாகும், ஆள் படுக்கையில் கிடப்பார். நோயே இல்லாத முதியவர்களை 10 நாள் படுக்கையில் வைத்துச் செய்த ஆய்வில் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போனது. நோயும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் நிலைமை அதைவிட நன்றாக இருக்க வழியில்லை. பலருக்கு 40 மில்லிகிராம் பிரெட்னிசலோன் 5 நாள் கொடுப்பார்கள். அந்த நாட்களில் பசி ஏறும், கூடவே சர்க்கரையும் ஏறும். சர்க்கரை ஏறியதென்று சாப்பாட்டைப் பாதியாக்காதீர்கள், மருந்தைச் சரிசெய்யக் கேளுங்கள். பசி இருக்கும் அந்தச் சில நாளைப் புரதத்துக்குப் பயன்படுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். வீடு திரும்பிய பின் நாலிலிருந்து ஆறு வாரம், இழந்த படியை ஏற வேண்டிய காலம். "மூச்சு சரியாகிவிட்டது" என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுவதும் இதே காலத்தில்தான்.

ஓர் எச்சரிக்கை. பிஎம்ஐ 16-க்குக் கீழ், அல்லது கடந்த சில மாதங்களில் 15 சதவீதத்துக்கு மேல் எடை இழந்தவர், அல்லது 10 நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாதவர் என்றால் திடீரென முழுச் சாப்பாடு கொடுக்கக் கூடாது. மாவுச்சத்து வந்ததும் இன்சுலின் சுரந்து, ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியத்தைச் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். பாஸ்பேட் சரிந்தால் உதரவிதானமே வலுவிழக்கும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். இவர்களுக்குக் கிலோவுக்கு 10 கிலோகலோரி அளவில் தொடங்கி, தயமின் (வைட்டமின் பி1) கொடுத்து, ரத்தப் பரிசோதனையோடு பல நாட்களில் ஏற்றுவார்கள். மருத்துவமனையில் செய்ய வேண்டிய வேலை இது.

மருந்துகள் பக்கம் சில சிறு விஷயங்கள். உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுக்குப் பின் வாய் கொப்பளித்துத் துப்பாவிட்டால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படரும், அது வந்தவருக்கு எந்த உணவும் ருசிக்காது. டயோட்ரோபியம் என்ற இன்ஹேலர் மருந்து வாயை உலர்த்தும், குழம்பாக இருக்கும் உணவு எளிதாக இறங்கும். மூச்சுக்குழாயை விரிக்கும் தியோஃபிலின் மருந்து எடுப்பவர் புகையை நிறுத்தினால் அந்த மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறும், குமட்டல் வரும். மருத்துவரிடம் சொல்லி அளவைக் குறைக்க வேண்டும், புகைக்குத் திரும்பக் கூடாது. இரவில் மூச்சுக்கு உதவும் முகமூடிக் கருவி போடுபவர்கள் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துப் போட்டால் வயிற்று உப்புசம் குறையும். காலையில் எழுந்ததும் தலைவலியும் மந்தமும் பசியின்மையும் சேர்ந்து வந்தால், இரவில் கரியமில வாயு தேங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வைட்டமின் டி ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 10 நானோகிராமுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு அதைக் கொடுத்தால் நோய் திடீரெனக் கூடுவது குறைகிறது. ஏற்கனவே போதுமான அளவு உள்ளவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. அளந்து பார்த்துக் கொடுப்பதே சரி. பீட்டா கரோட்டின் மாத்திரைகளைத் தவிருங்கள். 1994-லும் 1996-லும் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில், புகைப்பவர்களிடம் அது நுரையீரல் புற்றுநோயைக் கூட்டியது. கேரட் சாப்பிடுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பருமனாக இருக்கும் சிஓபிடி நோயாளிக்கு மேலே சொன்ன எண்ணெய், செறிவூட்டிய பால் எதுவும் வேண்டாம். ஆனால் பட்டினி போட்டு வேகமாக இறக்குவதும் கூடாது, முதியவருக்கு அதில் தசையும் சேர்ந்து போய்விடும். கலோரியை மட்டும் மிதமாகக் குறைத்து, புரதத்தைக் குறைக்காமல், எடை தூக்கும் பயிற்சியோடு மெல்ல இறக்க வேண்டும். கால்வீக்கம் உள்ளவர் ஒல்லியானாலும் பருமனானாலும் உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள். நீர் போக மாத்திரை எடுத்தால் பொட்டாசியத்தை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும், சல்பூட்டமாலும் அதைச் சற்று இறக்கக்கூடியது.